ஒரே ஒரு கண்மாய் போட்டோவ 360 டிகிரி ஆக்குன கதை

நண்பர்கள் நாலு பேரு சேந்து ஒரு சின்ன விஆர் கதை (ஹெட்செட்ட கண்ணுல மாட்டிக்கிட்டு சுத்திச் சுத்திப் பாக்குறது) பண்றோம், அஞ்சு நிமிஷம்தான், கண்மாய்க் கரையில ரெண்டு பேரு உக்காந்து பேசிக்கிட்டு இருப்பாங்க. அதுக்கு பேக்ரவுண்ட் வேணும். 360 கேமராவ வாடகைக்கு எடுத்துக்கிட்டு சிவகங்கைப் பக்கம் எங்க ஊருக்குப் போயிருந்தா ஒரே நாள்ல முடிஞ்சிருக்கும், ஆனா கண்மாய் இப்ப காஞ்சு கெடக்கு, எங்களுக்கு வேண்டியது தண்ணி தளும்புற கண்மாய். எங்கிட்ட இருந்தது 2021 டிசம்பர்ல போன்ல எடுத்த ஒரே போட்டோ. சாயங்கால நேரம், எதிர்ல தண்ணி, வலது ஓரத்துல மூணு பனை. மிச்சத்த ஏஐ பாத்துக்கும்னு எறங்குனேன், மூணு வாரம் போச்சு.

முதல் நாள் பண்ண கூத்து இது: போட்டோவ அப்படியே 2:1 சைஸுக்கு இழுத்து ஹெட்செட்ல போட்டுட்டேன். பனைமரம் மூணும் ராட்சசன் மாதிரி வளைஞ்சு தலைக்கு மேல நிக்குது. அப்புறம்தான் புரிஞ்சுச்சு, விஆர் கேக்குறது ஈக்விரெக்டாங்குலர் படம், அதாவது உலக மேப்புல பூமி உருண்டைய உரிச்சு விரிச்சிருப்பாங்கல்ல அதே மாதிரி, அகலத்துல 360 டிகிரி உயரத்துல 180. என் போன் கேமரா புடிச்சது அகலத்துல ஏறக்குறைய 67 டிகிரி, உயரத்துல 53 தான். கணக்குப் போட்டா மொத்தப் படத்துல நூத்துல அஞ்சாறு பங்குதான் என் போட்டோ, மிச்சம் பூரா கற்பனை! இது முன்னாடியே தெரிஞ்சிருந்தா ஆரம்பிச்சிருக்கவே மாட்டேன்.

ஹகின்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, பனோரமா ஒட்டுறதுக்கு உள்ளது. அதுல ஒத்தப் போட்டோவப் போட்டு லென்ஸ் கோணத்தக் குடுத்தா சரியான எடத்துல சரியான வளைவோட உக்கார வெச்சிரும். அடிவானம் மட்டும் படத்தோட சரி பாதி உயரத்துல வரணும், கொஞ்சம் ஏறி இறங்குனாலும் போட்டுப் பாக்குறவங்களுக்குத் தரை சாயுற மாதிரி இருக்கும்.

அடுத்து சுத்தி இருக்குற வெத்து எடத்த நெரப்பணும். நண்பனோட கம்ப்யூட்டர்ல ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு, 12 ஜிபி, அதுல கம்ஃபி யூஐங்குற சாஃப்ட்வேர் போட்டு எஸ்டிஎக்ஸ்எல்ல ஓட்டுனோம், எழுதிக் குடுத்தா படம் வரையுற ஏஐ மாடல் அது. மொத்தத்தையும் ஒரே மூச்சுல நெரப்பச் சொன்னா அது 1024க்கு 1024 பிக்சல் படத்துல பழகுன மாடல், அகலமா எடம் பாத்ததும் எழுதிக் குடுத்தத திரும்பத் திரும்ப வரையுது. முன்னாடி ஒரு சூரியன் மறையுது, முதுகுக்குப் பின்னாடி இன்னொரு சூரியன் மறையுது. பனைமரம்னு எழுதுனா தென்னை வருது, பனைக்கு இங்கிலீஷ்ல பல்மைரா, அப்படி எழுதுனா ஏதோ ரிசார்ட் வாசல்ல வரிசையா நிப்பாட்டுன மரம் வருது. கடைசி வரைக்கும் அதுக்குப் பனைமரம் வரையத் தெரியல. என் பழைய போட்டோக்கள்ல இருந்து பனைய வெட்டி ஒட்டிட்டு, ஓரத்த மட்டும் டீநாய்ஸ் (இருக்குறத எவ்வளவு மாத்தி வரையலாம்னு சொல்ற அளவு, 0ல இருந்து 1 வரைக்கும்) 0.35 வெச்சு மெழுகுனேன்.

வழிக்கு வந்தது எப்படின்னா, உருண்டைக்குள்ள நின்னு 90 டிகிரி ஜன்னல் வழியா பாக்குற மாதிரி ஒரு துண்டு வெட்டி எடுக்குறது (பைத்தான்ல பை360கன்வர்ட்னு ஒரு லைப்ரரி இருக்கு), 45 டிகிரி 45 டிகிரியா திரும்புறது, அப்பத்தான் ஒவ்வொரு துண்டுலயும் பாதி ஏற்கனவே வரைஞ்சதா இருக்கும், மாடல் அதப் பாத்து மீதிப் பாதிய வரையும், வரைஞ்சத ஹகின்ல திரும்ப ஒட்டணும். ஒரு சுத்து முடிஞ்சு ரெண்டு முனையும் சேர்ற எடத்துல கோடு தெரியும், ஜிம்ப்னு படம் திருத்துற சாஃப்ட்வேர்ல படத்தப் பாதி அகலம் நகத்துனா அந்தக் கோடு நடுவுக்கு வந்துரும், அங்க வெச்சு சரி பண்ணிக்கலாம். உச்சியில வானம் சுழிச்சுக்கிட்டு இருந்துச்சு, மேல் துண்ட மட்டும் தனியா எடுத்து மேகம் வரைய வெச்சேன். காலடிக்கு ஏஐயே வேண்டாம்னு செம்மண் தரையோட போட்டோ ஒண்ண ஒட்டிட்டேன்.

பெருமையா அப்பாவுக்கு ஹெட்செட்ட மாட்டி விட்டேன். ஹால்ல நின்னு ஒரு சுத்து சுத்துனாரு. "ஏம்ப்பா, நாம என்ன தீவுலயா நிக்கிறோம்? கரைக்கு இந்தப் பக்கம் வயலுல்ல இருக்கணும்?"

அட ஆமா! கரைன்னா ஒரு பக்கம் தண்ணி, மறு பக்கம் பள்ளத்துல வயல், அந்த வயலுக்குத்தான் இந்தத் தண்ணியே. ஏஐக்கு அது லேக், லேக்னா நாலு பக்கமும் தண்ணி, அதுபாட்டுக்கு வரைஞ்சிருச்சு. ஆனா அந்த ஊர்லயே வளந்த நானும் மூணு வாரமா அதயே உத்துப் பாத்துக்கிட்டு கண்டுபிடிக்கல, அலை அழகா இருக்கா, கோடு தெரியுதான்னு மட்டுமே பாத்திருக்கேன்.

பின் பக்கம் நாலு துண்டையும் அழிச்சேன். வயல்னு எழுதுனா கால் மட்டத்துலயே வயல வரையுது, பத்தடி எறக்கம் வரவே மாட்டேங்குது. கடைசில ஜிம்ப்ல நானே பிரஷ்ல கரைச் சரிவுக்கு பழுப்பு, கீழ வயலுக்கு பச்சைன்னு சின்னப் புள்ளைங்க மாதிரி தீத்தி, அது மேல டீநாய்ஸ் 0.7 வெச்சு ஓட்டுனப்போதான் எறக்கம் வந்துச்சு. வார்த்தையில கெஞ்சுறத விட இதுதான் வேலைக்காகுது.

அப்புறம் ரியல் ஈஎஸ்ஆர்கேன்னு படத்தப் பெருசாக்குற ஏஐ வெச்சு 8192க்கு 4096 பிக்சல் ஆக்குனோம். எங்க ஹெட்செட் குவெஸ்ட் 2ல ஒரு டிகிரிக்கு இருபது பிக்சல் கிட்ட வரும்னா சுத்துக்கு 7200 வேணும்ல, அதுக்குக் கீழ போனா மங்கலாத் தெரியும். புல்லு கொஞ்சம் பிளாஸ்டிக் மாதிரி ஆச்சு, போகட்டும். டெப்த் மேப் (எது பக்கத்துல, எது தூரத்துலன்னு காட்டுற படம்) எடுத்து பிளெண்டர்ங்குற 3டி சாஃப்ட்வேர்ல ஆழம் குடுத்தும் பாத்தேன், தூரத்துல இருக்குறதுக்கு அது தேவையே இல்ல, பக்கத்துல பனை ஓரமெல்லாம் சூயிங்கம் மாதிரி இழுத்துக்கிச்சு, விட்டுட்டேன்.

ரெண்டாவது தடவ அப்பா ரொம்ப நேரம் பின் பக்கமே பாத்துக்கிட்டு நின்னாரு. கழட்டிக் குடுத்துட்டு, "கலுங்கு எங்க?"ன்னு கேட்டாரு. கண்மாய் நெறஞ்சா மிச்சத் தண்ணி வெளியேறுற கல்லுக் கட்டு அது. கலுங்க இன்னும் வைக்கல. கண்மாய் காஞ்சிருந்தாலும் கலுங்கு அங்கதான இருக்கும், இந்த ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் பஸ் ஏறிப் போய் போட்டோ எடுத்துட்டு வரலாம்னு இருக்கோம்.