ஒரு ஆள் மூச்சுவிட எத்தனை யூனிட் கரண்ட்?

சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருப்பவர்களுக்கான ஆக்சிஜனில் பெரும்பகுதி, தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சிப் பிரித்தெடுத்தது. ஒருவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 0.84 கிலோ வேண்டும். அதற்கு எவ்வளவு கரண்ட் செலவாகும் என்று வீட்டிலேயே அளந்து பார்க்க ரொம்ப நாளாக ஆசை.

சிங்கப்பூர் சிம் லிம் டவரில் வாங்கிய இரண்டு நிக்கல் தகடுகள், சலவைச் சோடா கரைத்த தண்ணீர், பவர் சப்ளை, மல்டிமீட்டர். எல்லாவற்றையும் துணி காயப்போடும் ஜன்னலோரம் வைத்தேன். ஆக்சிஜனோடு கூடவே வரும் ஹைட்ரஜன் அடுப்புப் பக்கம் போகவே கூடாது. சோடாவுக்குப் பதில் உப்பு போடாதீர்கள், குளோரின் வரும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் வேண்டாம். அதிலுள்ள குரோமியம் நச்சாகக் கரையும்.

ஆக்சிஜனின் அளவைத் தீர்மானிப்பது ஆம்பியர் மட்டும்தான். 1 ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால், நம்மூர் 30 டிகிரியில் சுமார் 230 மில்லி. அரை ஆம்பியரில் வைத்து, பாசிட்டிவ் தகட்டின்மேல் 20 மில்லி சிரிஞ்சைக் கவிழ்த்தேன். பத்து நிமிடத்துக்குச் சற்று மேல் ஆனதும் நிரம்பியது. கணக்கு அப்படியே ஒத்துப்போனதில் அவ்வளவு சந்தோஷம்!

இந்தக் கணக்கில் ஒரு ஆளின் ஒருநாள் மூச்சுக்கு ஏறத்தாழ 2,800 ஆம்பியர்-மணி. அதை யாராலும் குறைக்க முடியாது. மிச்சம் பிடிக்க முடிந்தது வோல்ட்டில்தான்: ஆம்பியர்-மணியை வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் யூனிட். தண்ணீர் பிரியத் தேவையான வெப்பத்தையும் சேர்த்துப் பார்த்தால் 1.48 வோல்ட் போதும், அதாவது சுமார் 4.2 யூனிட். தகடுகள் 4 செ.மீ. தள்ளி இருந்தபோது எனக்கு 4.8 வோல்ட் ஆனது: 13.4 யூனிட். 5 மி.மீ.க்கு நெருக்கியதும் 2.4 வோல்ட், செலவு சரிபாதி.

அப்புறம் 2 மி.மீ.க்குக் கொண்டுபோனேன். இங்கேதான் விஷயம் சூடுபிடித்தது. பொடிக் குமிழ்கள் இடுக்கில் வெள்ளையாக அடைத்துக்கொண்டன, மீட்டர் நிலையாக நிற்கவில்லை. பாத்திரத்தை விரலால் தட்டினால் குமிழ்கள் விடுபட்டு மேலே ஓடும், 2.2க்கு இறங்கும், கொஞ்ச நேரத்தில் மெல்ல ஏறிவிடும்.

இங்கே குமிழ் தானாக மேலே போகிறது. எடையற்ற நிலையில் அதுகூட நடக்காது. அதனால்தான் நிலையத்தின் அமெரிக்கப் பகுதியிலுள்ள கருவியில் மின்முனைகளுக்கு நடுவே சவ்வு இருக்கிறது. வாயுவையும் தண்ணீரையும் சுழற்றிப் பிரிக்க மோட்டார் வேறு. அந்த மோட்டாருக்கும் கரண்ட் வேண்டும். வீணாகும் வோல்ட் வெப்பமாக மாறும். அதை அம்மோனியாக் குழாய்கள் வழியாக வெளியிலுள்ள ரேடியேட்டர்களுக்குத் தள்ளியாக வேண்டும். ஆக, மூச்சுக்கருவியில் மிச்சமாகும் ஒவ்வொரு வாட்டும் குளிரூட்டும் வேலையையும் குறைக்கிறது. திறன் என்று தனியாக ஒரு கருவியை மட்டும் பார்ப்பது போதாது என்பது எனக்கு இதில்தான் உறைத்தது.

தண்ணீரை 60 டிகிரிக்குச் சூடாக்கியபோது, 5 மி.மீ. இடைவெளியிலேயே 2.1 வோல்ட் வந்தது. அடுத்து சவ்வு வைத்த சின்ன செல் ஒன்றை வாலைவடிநீரில் (டிஸ்டில்டு வாட்டர்) ஓட்டி, இதே அரை ஆம்பியரில் அளக்கப் போகிறேன்.