றங்குப் பெட்டியும் ரொட்டிப் பலகையும்

அப்பப்பாவின் சலூன் சாமான்களுக்கு நான் வாரிசானதற்கு ஒரே காரணம், மாமி கனடாவுக்குப் போகும்போது அந்த றங்குப் பெட்டி பிளேனில் ஏற்ற முடியாத பாரமாக இருந்ததுதான். 1995 இடப்பெயர்வில் சலூனின் கண்ணாடி, கதிரை எல்லாவற்றையும் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் விட்டுவிட்டு, இந்தப் பெட்டியை மட்டும் சைக்கிள் கரியரில் கட்டிச் சாவகச்சேரிக்கு உருட்டிக்கொண்டு போனாராம் அப்பப்பா. எறியவும் மனம் வரவில்லை.

திறந்ததும் மேலே தோல் வார். இதை அடையாளம் காண எனக்கு யாருடைய உதவியும் தேவைப்படவில்லை. ஒரு பக்கம் தோல், மறுபக்கம் கித்தான். சவரக்கத்தியை முதலில் கித்தானிலும் பிறகு தோலிலும் தீட்டுவார்கள். சின்ன வயதில் எனக்கும் அதே ஒழுங்கில்தான் கிடைத்தது. தோல் சத்தம்தான் போடும், நோகிறது கித்தான்.

மற்றச் சாமான்களைப் படம் எடுத்துக் குடும்ப வட்ஸ்அப்பில் போட்டேன். அதுதான் நான் விட்ட பிழை. லண்டன் சித்தப்பா வேலைக்கு லீவு போட்டவர் மாதிரி உடனே வந்துவிட்டார்.

முதலில் முடி வெட்டும் கை மெசின். அதில் 000 என்று அடித்திருந்தது. "மூண்டு பூச்சியம் எண்டால் சீரியல் நம்பர். உலகத்திலை செய்த முதல் மெசினாக்கும், கவனம்" என்றார். ஒரு மணித்தியாலம் தேடிப் படித்த பிறகுதான் தெரிந்தது, அது வெட்டும் அளவு. பூச்சியம் கூடக் கூட முடி ஒட்ட வெட்டுப்படும். இப்படிச் சொல்லியிருந்தால் எனக்கு உடனே விளங்கியிருக்கும். 1990க்குப் பிறகு கரண்ட் இல்லாத யாழ்ப்பாணத்தில் என் தலை அந்த மூன்று பூச்சியத்துக்குக் கீழேதான் வளர்ந்தது. வாய் மழுங்கிய மெசின், பாதியை வெட்டும், மீதியைப் பிடுங்கும்.

அடுத்தது சவரக்கத்தி. அலகின் அடியில் ஒரு நட்சத்திரம், ஒரு மால்டாச் சிலுவை. ஷெஃபீல்டின் ஜோசப் ரொட்ஜர்ஸ் கம்பனியின் குறி அது. சித்தப்பா அதை விக்டோரியா ராணி முடிசூடிய காலத்துக்குக் கொண்டுபோனார். நான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், பக்கத்திலேயே 'இங்கிலாந்து' என்றும் அடித்திருந்தது. இறக்குமதிச் சாமானில் நாட்டின் பெயர் இருக்கவேண்டும் என்று அமெரிக்கா 1891இல் கட்டாயமாக்கிய பிறகுதான் இந்த வழக்கம் பரவியது. ராணி கிழவியான பிறகு வந்த கத்தி என்று பதில் போட்டேன். சித்தப்பா கொஞ்ச நேரம் ஒன்லைனில் இல்லை.

திரும்பி வந்தவர் பிடியைப் பிடித்துக்கொண்டார். மஞ்சள் பூத்திருந்த பிடி. "உது யானைத் தந்தம். ஊசியைச் சூடாக்கிக் குத்திப் பார், தந்தம் எண்டால் ஒண்டும் ஆகாது." ஊசி தேடிக்கொண்டே பிடியைப் பெருவிரலால் தேய்த்தேன். கற்பூர வாசம். அம்மாவுக்கும் மணந்துவிட்டது. "சாமி அறையிலை ஆர் கொளுத்தினது?" என்றபடி எழும்பி வந்தார்.

தந்தமாவது மண்ணாவது. அது செலுலோயிட், கற்பூரம் சேர்த்துச் செய்த பழைய காலத்துப் பிளாஸ்டிக். சூடான ஊசி பட்டால் குப்பென்று பற்றிக்கொள்ளும். நல்ல காலம், எங்கள் வீட்டில் தேடின நேரத்தில் ஊசி அகப்படாது.

கடைசியில், அப்பப்பாவோடு வேலை செய்த பெரியவர் ஒருவரை வீட்டுக்குக் கூட்டி வந்தேன். எண்பது தாண்டியவர். கத்தியை எடுத்துப் பெருவிரல் நகத்தில் மெல்ல வைத்துப் பார்த்தார். சீனாக்காரக் கட்டி, பவுடர் டப்பா, மட்கார்ட் போல வளைந்த சீப்பு என்று ஒவ்வொன்றாகத் தொட்டுத் திரும்ப வைத்தார். அம்மா சுடச்சுடத் தேங்காய்ப்பூ ரொட்டியும் சம்பலும் கொண்டுவந்து வைத்தார். ஒன்றைப் பிய்த்துச் சாப்பிட்டுக்கொண்டே பெட்டியை மறுபடி எட்டிப் பார்த்தார்.

"எல்லாம் கிடக்குது. பலகையை எங்கை தம்பி?"

"என்ன பலகை ஐயா?"

"சின்னப் பெடியளை இருத்துற பலகை. கதிரைக் கை இரண்டுக்கும் மேலை குறுக்கை போட்டு அதிலை ஏத்தி இருத்தினால்தான் தலை எட்டும். பலா மரம். வழுக்காமல் இருக்க இரண்டு பக்கமும் அடியிலை வெட்டு விட்டிருக்கும்."

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா குசினியைப் பார்த்தார். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அம்மா ரொட்டி தட்டுகிற பலகை பலா மரம். அடியில் இரண்டு பக்கமும் வெட்டு. அது எதற்கு என்று ஒருநாளும் யாரும் கேட்டதில்லை.

கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு அம்மாதான் மெதுவாகக் கேட்டார்.

"இருந்த பெடியளெல்லாம் காற்சட்டை போட்டிருந்தவைதானே அண்ணை?"

பெரியவர் கையில் இருந்த ரொட்டியை ஒருதரம் திருப்பிப் பார்த்தார்.

"கனபேர் போட்டிருந்தவை, பிள்ளை."