ஊதாக் குழாய்க்கு மாறிய ஒன்றரை வருடம்

குடிநீரைப் புல்லுக்குப் பாய்ச்சுவது பல வருடங்களாக எனக்கு உறுத்தலாகவே இருந்தது. நல்ல வெயில் காலத்தில் ஒரு ஹெக்டேர் புல்வெளி ஒரே நாளில் 5 மில்லிமீட்டர் நீரை இழுத்துக்கொள்ளும். கணக்குப் போட்டால் 50,000 லிட்டர். நான் பராமரிப்பது ஒரு பொதுப் பூங்காவும் அதை ஒட்டிய கோல்ஃப் மைதானமும். இரண்டையும் சுத்திகரித்த கழிவுநீருக்கு மாற்றலாமா என்ற பேச்சு வந்தபோது முதலில் சரி சொன்னவன் நான்தான். மாற்றி முடிக்க ஒன்றரை வருடம் ஆனது. இதே வேலையில் இறங்கப் போகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

கூட்டத்தில் வந்த முதல் கேள்வி, "அந்தத் தண்ணீர் பட்ட புல்லில் குழந்தைகள் உருண்டு விளையாடலாமா?" நியாயமான கேள்வி. மக்கள் புழங்கும் இடத்துக்கு வரும் நீர், நுண்ணுயிரிகளால் கழிவு சிதைக்கப்பட்டதோடு நின்றுவிடக் கூடாது. அதற்கு மேல் மணல் அல்லது சவ்வு வடிகட்டியில் வடிந்து, குளோரினோ புற ஊதாக் கதிரோ பட்டுக் கிருமி நீங்கி வர வேண்டும். பாய்ச்சுவதும் இரவில், ஆள் இல்லாத நேரத்தில். சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பூங்காவில் 1932லேயே இதற்கென ஒரு நிலையம் கட்டினார்கள் என்பதையும் சொன்னேன். பயம் முழுதாகப் போகவில்லை. ஆனால் பேச்சு அப்புறம் நிதானமாக நடந்தது.

அனுமதிக்கான படிவங்கள், வரைபடங்கள் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பொறுமை இருந்தால் போதும். என்னைக் கலங்கடித்தது குழாய்ச் சோதனை.

மறுசுழற்சி நீர்க் குழாய்க்கு ஊதா நிறம், குடிநீர்க் குழாய் தனி, இரண்டும் எங்கேயும் ஒட்டக் கூடாது. இதை உறுதிசெய்யக் குடிநீர் இணைப்பை மூடி, அழுத்தத்தை முழுதாக இறக்கிவிட்டு, பாசனக் குழாயில் மட்டும் அழுத்தம் ஏற்றுவார்கள். பிறகு ஒவ்வொரு குடிநீர்க் குழாயாகத் திறந்து பார்க்க வேண்டும். எதிலும் தண்ணீர் நிற்காமல் வரக் கூடாது. சோதனை நாளில் பாசனக் குழாயில் ஓடியது இன்னும் நல்ல நீர்தான். விளையாட்டுத் திடலுக்குப் பக்கத்தில், பிள்ளைகள் வாய் வைத்துக் குடிக்கும் குழாயைத் திறந்தேன். தண்ணீர் சீராகக் கொட்டியது. எப்போதோ யாரோ கிட்டத்தில் இருந்த பாசனக் குழாயிலிருந்து அதற்கு இணைப்பு எடுத்திருக்கிறார்கள். அதில் அப்போது ஓடியதும் குடிநீர்தானே, அன்றைக்கு அது தப்பாகத் தெரிந்திருக்காது. எங்கள் வரைபடத்தில் அந்த இணைப்பே இல்லை. சோதனையைத் தவிர்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றும் வயிற்றைப் பிசைகிறது. மொத்தப் பழைய குழாய்களையும் தோண்டித் தடம் பார்த்தோம். வேலை இரண்டு மாதம் தள்ளிப்போனது. போகட்டும். பழைய வரைபடத்தை நம்பி ஒரு வால்வைக்கூடத் திறக்காதீர்கள்.

அடுத்தது உப்பு. கிருமியைக் கொல்லலாம், அழுக்கை வடிகட்டலாம். கரைந்த உப்பு வழக்கமான சுத்திகரிப்பில் போகாது. நீரில் உப்பு கூடக் கூட அதன் மின் கடத்துத்திறனும் கூடும்; எங்களுக்கு வந்த நீரில் அது மீட்டருக்கு 1.2 டெசிசைமன். பார்க்கச் சின்ன எண். ஆனால் லிட்டருக்கு முக்கால் கிராம் உப்பு என்று அர்த்தம். வருடத்துக்கு 500 மில்லிமீட்டர் பாய்ச்சினால் ஒரு ஹெக்டேரில் 3.8 டன் உப்பைக் கொட்டுகிறோம். கனமழை அடித்துக் கழுவினால் சரி, இல்லையென்றால் வேர்ப் பகுதியிலேயே தங்கும்.

முதல் கோடையின் முடிவில் களிமண் அதிகமாக இருந்த ஒரு ஃபேர்வேயில், அதாவது கோல்ஃப் பந்தை அடித்துக்கொண்டு போகும் புல்வெளிப் பாதையில், தண்ணீர் இறங்காமல் நின்றது. சோடியம் களிமண் துகள்களைப் பிரித்துவிடும், துளைகள் அடைபட்டு மண் இறுகிவிடும். ஜிப்சம் போட்டோம். அதிலுள்ள கால்சியம் சோடியத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ள, பின்னால் தாராளமாக நீர் விட்டு உப்பைக் கீழே இறக்கினோம். கீழே இறங்க வடிகால் வேண்டுமே. அதைத் தோண்டியதுதான் செலவான வேலை. முதலிலேயே மண்ணைச் சோதித்திருந்தால் குழாய் பதிக்கும்போதே செய்திருக்கலாம்.

அருகம்புல் இந்த நீரை அலட்டிக்கொள்ளவே இல்லை. உரத்திலும் மிச்சம். நீரில் லிட்டருக்கு 10 மில்லிகிராம் நைட்ரஜன் இருந்தால், அதே 500 மில்லிமீட்டரில் ஹெக்டேருக்கு 50 கிலோ தானாகவே வந்துவிடுகிறது. அதைக் கழிக்காமல் வழக்கம்போல உரம் போட்டால் புல் கட்டுக்கடங்காமல் வளரும். சேமிப்புக் குளத்தில் பாசி படிந்ததற்கும் இதே சத்துகள்தான் காரணம். காற்றூட்டும் கருவி வைத்தபின் பரவாயில்லை.

மரங்கள் வேறு கதை. நடைபாதை ஓரத்து மரங்களில் தாழ்ந்த கிளைகளின் இலை நுனி மட்டும் கருகியது. மேல்கிளைகள் பச்சையாகவே இருந்ததால் வேரில் குறை இல்லை என்று புரிந்தது. தெளிப்பான் நீர் நேராக இலையில் பட்டுக் காய்ந்து உப்பு ஏறியிருக்கிறது. தெளிப்பான்களின் கோணத்தைத் தாழ்த்தினோம், சிலவற்றை எடுத்துவிட்டுச் சொட்டுக் குழாய் போட்டோம். அதற்குப் பிறகு வந்த துளிர்களைத் தினமும் காலையில் போய்ப் பார்ப்பேன். இந்த வருடம் அந்தக் கிளைகளில் ஒரு நுனிகூடக் கருகவில்லை.