இம்ப்ளாண்ட் கோர்ஸுக்குப் பணம் கட்டும் முன்

சில வருடம் ப்ராக்டிஸ் செய்த இளம் பல் மருத்துவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது, "எந்த இம்ப்ளாண்ட் கோர்ஸில் சேரலாம்?" என்பதுதான். நான் திருப்பிக் கேட்பேன்: "ஒரு நோயாளியின் மேல், கீழ்ப் பல்வரிசையின் அச்சு மாடல்களை, தாடை அசைவைக் காட்டும் ஆர்ட்டிகுலேட்டரில் ஏற்றிப் பார்த்து எவ்வளவு காலம் ஆயிற்று?" பெரும்பாலும் சிரிப்புதான் பதில். கல்லூரியில் மதிப்பெண்ணுக்காகத் தொட்ட கருவி, அதற்குப் பிறகு அலமாரியில் தூங்குகிறது. முதலில் அதைத் தூசி தட்டி எடுங்கள் என்பேன். கடி (மேல், கீழ்ப் பற்கள் சேரும் விதம்), பல் சீரமைப்பு (தேய்ந்த, உடைந்த பற்களைக் கட்டுவது), சிகிச்சைத் திட்டம் எல்லாம் முதல் படிப்பு. இல்லாத பல்லுக்குப் பதிலாகத் தாடை எலும்பில் திருகை இறக்கும் இம்ப்ளாண்ட் சர்ஜரி அடுத்தது. நான் இந்த வரிசையில்தான் படித்தேன், இன்று தொடங்கினாலும் இப்படியேதான் படிப்பேன்.

காரணம் எளிது. எலும்பில் துளையிட்டு டைட்டானியம் திருகை இறக்குவதை ஒரு வார இறுதியில் கற்றுக்கொடுத்துவிடலாம். சுவீடனில் ப்ரோனெமார்க் என்ற ஆய்வாளர் 1965-ல் முதல் நோயாளிக்கு இம்ப்ளாண்ட் பொருத்தியபோது, எலும்பு அதை ஏற்றுக்கொள்ளுமா என்பதே பெரிய கேள்வியாக இருந்தது. 1982-ல் டொராண்டோவில் நடந்த மாநாட்டுக்குப் பிறகுதான் உலகம் அதைப் பரவலாக நம்பத் தொடங்கியது. இன்று ஒழுங்காக வைத்தால் எலும்பு பெரும்பாலும் ஒட்டிக்கொள்ளும். ஆனால் நன்றாக ஒட்டிய இம்ப்ளாண்ட் தப்பான இடத்தில், தப்பான கோணத்தில் நிற்கும்போது வருகிறதே தலைவலி, அது வேறு. எளிதில் கழற்றவும் முடியாது, அதன்மேல் அழகான பல் கட்டவும் முடியாது. லேபில் கிரவுன் (பல்லின் மீதோ இம்ப்ளாண்டின் மீதோ பொருத்தும் செயற்கை உறை) செய்பவரிடம் ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள், இந்த வகை கேஸ்கள் அவரிடம் எத்தனை வருகின்றன என்று தெரியும்.

சரி, பல் சீரமைப்பில் என்ன படிப்பது? முழு வாயையும் சேர்த்துத் திட்டமிடக் கற்றுத்தரும் பள்ளிகள் உலகில் சில உண்டு. அமெரிக்காவில் பாங்கி, டாசன், ஸ்பியர், கோய்ஸ் என்று அவரவர் பெயரிலேயே நிறுவனங்கள் இருக்கின்றன. மற்ற நாடுகளில் நடக்கும் பல கோர்ஸ்களின் வேரைத் தோண்டினால் இவற்றில் ஒன்றில் போய் நிற்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை உண்டு. ஸ்பியர் அழகில் தொடங்கி, இயக்கம், கட்டமைப்பு, உயிரியல் என்று போவார். கோய்ஸ் ஈறு, பல்லின் வலு, கடியின் இயக்கம், முகத்தோடு பல் பொருந்தும் விதம் என நான்கு பக்கமும் அபாயத்தை எடைபோடச் சொல்வார். எது சரி என்று காபி இடைவேளையில் சண்டை போடுவது சுவாரசியமாகத்தான் இருக்கும். ஆனால் தொடக்கத்தில் ஒரு பள்ளியைப் பிடித்துக்கொண்டு, அதன் படிவங்களையே நிரப்பி, பல கேஸ்களை அந்த ஒரே வழியில் முடித்துப் பாருங்கள். மூன்று பள்ளியிலிருந்து மூன்று துண்டை எடுத்து ஒட்டுபவருக்குக் கடைசியில் எந்தக் கேஸுக்கும் நேரான திட்டம் போட வராது.

இந்தப் படிப்பு எப்படி மண்டைக்குள் இறங்குகிறது என்பதற்கு ஒரு வகுப்பைச் சொல்கிறேன். முன்பற்கள் பாதியாகத் தேய்ந்த ஒருவரின் படம் திரையில். "கிரவுன் போடலாம்" என்று பின் வரிசையிலிருந்து ஒரு குரல். பயிற்றுநர் அசரவில்லை. "டாக்டர், தேய்ஞ்சதா, கரைஞ்சதா?" பல்லை உற்றுப் பார்த்தால் பதில் அங்கேயே இருக்கிறது. எதிரெதிர்ப் பற்களில் ஒன்றோடொன்று பொருந்தும் தட்டையான, பளபளப்பான தேய்மானம் இருந்தால் பல்லோடு பல் உரசியது. பழைய ஃபில்லிங் மட்டும் தீவு மாதிரி மேலே நிற்க, சுற்றியுள்ள பல் குழிந்திருந்தால் அமிலம் வேலை செய்திருக்கிறது. அமிலக் கேஸில் எதுக்களிப்பையோ உணவுப் பழக்கத்தையோ விசாரிக்காமல் கிரவுன் போட்டால், கிரவுன் விளிம்புக்குக் கீழே அதே கதை தொடரும்.

அடுத்த கேள்வி இன்னும் கூர்மை. "ஈறு விளிம்பு எங்கே இருக்கு, கோரைப்பல்லோட ஒப்பிட்டுச் சொல்லுங்க." தேய்ந்த மேல் முன்பற்களின் ஈறு பக்கத்துப் பற்களைவிடக் கீழே இறங்கியிருந்தது. அதாவது பல் தேயத் தேய, எலும்பையும் ஈறையும் இழுத்துக்கொண்டே கீழே முளைத்து வந்திருக்கிறது. பல் குட்டையாகத் தெரிகிறது, ஆனால் அதை நீட்ட இடமில்லை. இப்போது வழிகள் நான்கு: ஆர்த்தோ (கம்பி கட்டிப் பல்லை நகர்த்துவது) மூலம் பல்லை மேலே தள்ளுவது, ஈறையும் எலும்பையும் வெட்டிப் பல்லை நீட்டுவது, முழு வாயின் கடி உயரத்தையும் கூட்டிப் பின்பற்களையும் கட்டுவது, அல்லது 1975-ல் டால் குழுவினர் எழுதிய முறைப்படி முன்பற்களை மட்டும் உயர்த்திவிட்டு, பின்பற்கள் தானாக முளைத்து வந்து சேரக் காத்திருப்பது. ஒரே படம், நான்கு திட்டம், நான்கு வகைச் செலவு. இந்தக் கேள்விகளைக் கேட்கத் தெரிந்த பிறகு இம்ப்ளாண்ட் படிப்பது வேறு படிப்பு.

பல்லைக் காப்பாற்றும் கணக்கும் இந்தக் கட்டத்தில்தான் கைக்கு வர வேண்டும். வேர் சிகிச்சை செய்த பல்லில் கிரவுன் விளிம்புக்கு மேல் சுற்றிலும் 1.5 முதல் 2 மிமீ நல்ல பல் சுவர் கிடைக்குமா என்று முதலில் பார்க்க வேண்டும். கிடைக்காவிட்டால் பல்லை ஆர்த்தோவில் வெளியே இழுத்துப் பெறலாமா என்பது அடுத்தது. இதெல்லாம் தெரியாதவர் கையில் டிரில் கொடுத்தால், உடைந்த பல் எல்லாமே பிடுங்க வேண்டிய பல்லாகத் தெரியும்.

இனி இம்ப்ளாண்ட். 1980-ல் தொடங்கிய ஐடிஐ என்ற சர்வதேச இம்ப்ளாண்ட் அமைப்பு கேஸ்களை எளியவை, சற்றுக் கடினமானவை, சிக்கலானவை என்று மூன்றாகப் பிரிக்கும் எஸ்ஏசி வகைப்பாட்டைப் பரப்பியிருக்கிறது. ஒவ்வொரு கேஸையும் எடுக்கும் முன் அதில் போட்டுப் பாருங்கள். தொடக்கத்துக்கு ஏற்றது கீழ்க் கடைவாய்ப் பல்லோ முன்கடைவாய்ப் பல்லோ ஒன்று மட்டும் இல்லாத, எலும்பு அகலமாக ஆறிய, ஈறு தடித்த கேஸ். மேல் முன்பல் ஒன்றுதானே என்று கை வைக்க ஆசை வரும். வேண்டாம். சிரித்தால் ஈறு தெரியும் உதடு, மெல்லிய ஈறு, மெல்லிய எலும்பு மூன்றும் சேர்ந்தால் கை தேர்ந்தவர்களே யோசித்துத்தான் தொடுவார்கள்.

எண்களை எல்லாக் கோர்ஸும் ஸ்லைடில் போடும். பக்கத்துப் பல்லிலிருந்து 1.5 மிமீ, இரண்டு இம்ப்ளாண்டுக்கு நடுவே 3 மிமீ, உதட்டுப் பக்கம் 2 மிமீ எலும்பு, வரப்போகும் ஈறு விளிம்புக்கு 3 முதல் 4 மிமீ ஆழம், கீழ்த்தாடை நரம்புக்கு மேல் 2 மிமீ. மனப்பாடம் செய்து பயனில்லை, கேஸில் போட்டுப் பழக வேண்டும். பிறவியிலேயே மேல் வரிசையில் நடுப்பல்லுக்கு அடுத்த வெட்டுப்பல் இல்லாத ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். இடைவெளி 5.5 மிமீ. இரு பக்கமும் 1.5 போனால் மிச்சம் 2.5. சந்தையில் கிடைக்கும் ஒல்லியான 3 மிமீ இம்ப்ளாண்டுக்கே இடமில்லை. இடைவெளி 6.5 இருந்தால் 3.5 மிச்சம், மூச்சு விடலாம். ஆனால் அது பக்கத்துப் பற்களின் வெளியே தெரியும் பகுதிகளுக்கு நடுவே அளந்த இடைவெளி. ஆர்த்தோ முடித்து வந்தவர்களில் அந்த வெளிப்பகுதிகள் விலகி வேர்கள் ஒன்றையொன்று நெருங்கி நிற்பது சகஜம். சிபிசிடி என்ற முப்பரிமாண எக்ஸ்ரே ஸ்கேனில் வேர் நுனி மட்டத்திலும் அளக்காமல் சரி என்று சொல்லக் கூடாது. இடம் வரவில்லை என்றால் ஆர்த்தோ மருத்துவரிடம் திருப்பி அனுப்பலாம். அல்லது ஒரு பக்கப் பல்லில் மட்டும் ஒட்டும் ரெசின் பிரிட்ஜ் செய்யலாம். இது பல இடங்களில் நன்றாகவே நிற்கிற சிகிச்சை, ஆனால் இம்ப்ளாண்ட் கம்பெனி ஸ்பான்சர் செய்யும் கோர்ஸில் இதைப் பற்றிக் காதில் விழாது.

இரு பற்களுக்கு நடுவே உள்ள ஈறு முக்கோணம் நிரம்புமா என்பதற்கும் இப்படித்தான். பற்கள் தொடும் புள்ளியிலிருந்து எலும்பு முகடு வரை 5 மிமீக்குள் இருந்தால் இடைவெளியை ஈறு ஏறக்குறைய எப்போதும் நிரப்புகிறது, 6 மிமீ ஆனால் பாதிக்குச் சற்று மேலான இடங்களில்தான் நிரப்புகிறது என்று டார்னோ குழுவினர் 1992-ல் இயற்கைப் பற்களில் அளந்து காட்டினார்கள். நோயாளியிடம் "கறுப்பு முக்கோணம் தெரியலாம்" என்று முன்கூட்டியே சொல்லலாமா கூடாதா என்பதை இந்த ஒரு மில்லிமீட்டர் முடிவு செய்கிறது.

துளையிடும் இடத்தையும் கோணத்தையும் காட்டும் கைடு வைத்துச் செய்தால் எல்லாம் துல்லியம் என்று விற்பார்கள். 2018-ல் வந்த பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்ட ஒரு மெட்டா அனாலிசிஸில் கைடு மூலம் வைத்த இம்ப்ளாண்டுகள் திட்டத்திலிருந்து நுழையும் இடத்தில் சராசரி 1.2 மிமீ, நுனியில் 1.4 மிமீ, கோணத்தில் 3.5 டிகிரி விலகியிருந்தன. சராசரியே இது. நரம்புக்கு 2 மிமீ விடச் சொல்வது சும்மா இல்லை. கைடு இல்லாமலும் திசை பிடிக்கக் கையைப் பழக்கும் கோர்ஸாகப் பாருங்கள்.

பிளாஸ்டிக் தாடையில் துளையிட்டுச் சான்றிதழ் வாங்குவது பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. எலும்பு சுமார் 47 டிகிரி செல்சியஸில் ஒரு நிமிடம் சூடானாலே பாதிக்கப்படுகிறது என்பது 1983 முதல் தெரிந்த விஷயம். கெட்டியான கீழ் முன்தாடை எலும்பில் மொட்டை டிரில்லை அழுத்தும்போது கைக்கு வரும் எதிர்ப்பைப் பிளாஸ்டிக் சொல்லித்தராது. தையலும் அப்படித்தான். பன்றித் தாடையில் ஈறு மடலைத் தூக்கி, இழுவிசை இல்லாமல் மூடித் தைக்கப் பழகுங்கள். அதைவிட முக்கியம், உங்கள் நோயாளிக்கு உங்கள் கையால், அனுபவசாலி பக்கத்தில் நிற்கச் செய்ய வழி உண்டா என்று கேளுங்கள். அப்புறம், கோர்ஸ் முடிந்த பிறகு ஒரு ஸ்கேனை அனுப்பி "பாருங்களேன்" என்று சொல்ல ஆள் உண்டா? சிக்கல்களுக்கு என்று தனி வகுப்பு உண்டா, அதில் பயிற்றுநர் தன் கேஸ்களையே காட்டுகிறாரா? இந்த மூன்றுக்கும் பதில் மழுப்பலாக வந்தால், புகழ்பெற்ற பேச்சாளர் வந்தாலும் பணத்தைக் கட்டாதீர்கள். தியரி மட்டும் வேண்டுமென்றால் ஆன்லைனில் குறைந்த செலவில் போதும்.

சீரமைப்பை முதலில் படித்தவருக்குக் கிரவுன் கட்டத்தில் பலன் தெரியும். இயற்கைப் பல் கடிக்கும்போது வேரைச் சுற்றிய சவ்வின் தயவில் 25 முதல் 100 மைக்ரான் வரை அமுங்கும். இம்ப்ளாண்ட் 3 முதல் 5 மைக்ரான்தான். அதனால் லேசாகக் கடிக்கும்போது பற்களுக்கு நடுவே வைக்கும் மிக மெல்லிய ஷிம்ஸ்டாக் தாள் உருவி வர வேண்டும், அழுத்திக் கடித்தால் மட்டும் பிடிக்க வேண்டும். கடி படித்தவர் கை இதைத் தானாகச் செய்யும். சிமெண்ட் வைத்து ஒட்டுவதைவிடத் திருகில் பொருத்துவதை நான் விரும்புவதற்கும் காரணம் உண்டு: சிமெண்ட் வைத்து, பிறகு இம்ப்ளாண்டைச் சுற்றி அழற்சி கண்ட கேஸ்களை 2009-ல் எண்டோஸ்கோப்பில் பார்த்தபோது 81 சதவீதத்தில் ஈறுக்குக் கீழே சிமெண்ட் மிச்சம் இருந்தது.

கடைசியில் தேர்வு. பெரும்பாலான ஃபெலோஷிப், டிப்ளமோ தேர்வுகளில் எழுத்துத் தாளைவிட, நீங்கள் முடித்த கேஸ்களை விளக்கும் வாய்மொழித் தேர்வுதான் உரசிப் பார்க்கும். அதனால் சர்ஜரி கிட் வாங்கும் முன் கேமரா வாங்குங்கள். 100 மிமீ மேக்ரோ லென்ஸ், ரிங் ஃபிளாஷ், உதடு விலக்கி, கண்ணாடி, கறுப்புப் பின்னணித் தகடு. ஒவ்வொரு கட்டத்திலும் அதே கோணம், அதே அளவு. படங்களைப் பயன்படுத்த நோயாளியின் எழுத்துச் சம்மதம் முதல் நாளே வேண்டும், பிறகு தேடிப் போனால் கிடைக்காது.

தேர்வாளர்கள் கேட்பதெல்லாம் "ஏன்". பிரிட்ஜ் ஏன் போடவில்லை? பல் எடுத்த அன்றே ஏன் வைத்தீர்கள், அல்லது ஈறு ஆறும் 4 முதல் 8 வாரம் ஏன் காத்திருந்தீர்கள்? இது தோற்றால் அடுத்த திட்டம் என்ன? ஒவ்வொரு படத்துக்கும் கீழே, அந்த நேரத்தில் வேறென்ன செய்திருக்கலாம், ஏன் செய்யவில்லை என்று ஒரு வரி எழுதி வையுங்கள். சக மருத்துவர் இருவரை உட்கார வைத்து, இரக்கமில்லாமல் கேள்வி கேட்கச் சொல்லுங்கள்.

அநேகமாக எல்லோரிடமும் கேட்கப்படும் ஒன்று, கிரவுன் பொருத்திய அன்று எடுத்த எக்ஸ்ரே. அதோடு ஒப்பிட்டால்தான் பின்னாளில் எலும்பு இறங்கியதா என்று சொல்ல முடியும். அது இல்லாதபோது, 2017-ல் ஈறு நோய் நிபுணர்களின் உலகப் பட்டறை தந்த வரையறைப்படி ரத்தக் கசிவோடு 6 மிமீ அல்லது அதற்கு மேல் ஈறு ஆழமும், 3 மிமீ அல்லது அதற்கு மேல் எலும்பு இழப்பும் சேர்ந்திருந்தால்தான் இம்ப்ளாண்டைச் சுற்றிய எலும்பு நோய் என்று சொல்லலாம். அதற்குள் கணிசமான எலும்பு போயிருக்கும், தேர்வாளரும் அதைத்தான் சுட்டிக்காட்டுவார். கதிர் இம்ப்ளாண்டுக்குச் செங்குத்தாக விழுந்து, திருகின் புரிகள் இரு பக்கமும் தெளிவாகத் தெரிகிற படமாக அது இருக்க வேண்டும். மங்கலாக வந்தால் நோயாளி நாற்காலியை விட்டு எழுவதற்குள் மறுபடி எடுத்துவிடுங்கள்.