இந்த வாரம் என் முறை

ஜெர்மனிக்கு வேலைக்குக் கிளம்புகிறவர்களிடம் ஊரில் எல்லாரும் குளிரைப் பற்றித்தான் சொல்லி அனுப்புவார்கள். குளிருக்கு ஜாக்கெட் இருக்கிறது. ஸ்டுட்கார்ட்டுக்கு வந்த புதிதில் என்னைப் பாடாய்ப் படுத்தியது தபால்பெட்டி. குடிபோன இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தாள் ஒன்று வேண்டும். பதிந்தால்தான் வரி எண் தபாலில் வரும். அது வரத் தாமதமானால் ஆறாம் வரி வகுப்பில் போட்டுச் சம்பளத்தில் பெரிய துண்டாக வெட்டிவிடவும் கூடும். வெட்டியது பிறகு திரும்பி வரும்தான், ஆனால் முதல் மாத வாடகைக்கு அது உதவாது. இதற்கிடையில் ரேடியோ, டிவிக்கான ஒலிபரப்புக் கட்டணம் மாதம் 18.36 யூரோ கட்டு என்று இன்னொரு கடிதம். என் வீட்டில் டிவியே இல்லை. இருந்தாலும் இல்லாவிட்டாலும் வீட்டுக்கு ஒரு கட்டணம், அவ்வளவுதான்.

வீட்டைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். சமையலறை என்று காட்டிய இடத்தில் நான்கு சுவரும் ஒரு குழாய் இணைப்பும் இருந்தன. முன்பு இருந்தவர் சிங்க் முதற்கொண்டு கழற்றிக்கொண்டு போயிருந்தார். இங்கே அது வழக்கம்.

சொல்ல வேண்டியது கேர்வோகெ பற்றி. மாடிப்படியையும் வாசலையும் குடியிருப்பவர்களே முறை வைத்துக் கூட்டுவது. ஸ்டுட்கார்ட் இருக்கும் ஸ்வாபியா பக்கத்தில்தான் இதற்கு இத்தனை மரியாதை. ஒரு நாள் ஆபீஸ் விட்டு வந்தால் என் கதவுக் கைப்பிடியில் சிறிய மரப்பலகை ஒன்று தொங்குகிறது. இந்த வாரம் உன் முறை என்று அர்த்தம். இதில் சின்னது, பெரியது என்று இரண்டு உண்டு. சின்னது என்றால் நம் மாடிப்படியைக் கூட்டித் துடைத்தால் போதும். பெரியது வந்தால் வாசல், நடைபாதை, நிலவறைப் படி, குப்பைத்தொட்டி வைக்கும் இடம் எல்லாம் நம் பாடு. எங்கள் வாடகை ஒப்பந்தத்தில் பனி அள்ளுவதும் இதோடு சேர்த்தி. பனி பெய்தால் வாரநாளில் காலை 7 மணிக்குள் நடைபாதை தெரிய வேண்டும்.

அம்மாவிடம் போனில் சொன்னேன். பாளையங்கோட்டை வீட்டில் வாசல் தெளிக்க என்னை எழுப்பி எழுப்பி ஓய்ந்தவள் அவள். "ஏட்டி, இங்க இருந்த வரைக்கும் வாரியலத் தொட்டுப் பாத்திருப்பியா நீ? பிளேனு ஏறிப் போயி அங்க தூத்துதியாக்கும்?" என்று சிரித்தாள். அன்று சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க விஷயம் போய்விட்டது.

எனக்கு வேலை நாளில் பகலில் நேரம் கிடைக்காது. வியாழக்கிழமை இரவு சாப்பிட்டுவிட்டு, சத்தமில்லாமல் படியைத் துடைத்துவிடுவேன். சனிக்கிழமை காலை கீழ்வீட்டு அம்மா (எழுபது தாண்டியவர், கணுக்கால்வரை ஏப்ரன் கட்டியிருப்பார்) அதே படியைப் பார்த்து, "இந்த வாரம் யார் முறை?" என்று கேட்டார். படி பளபளவென்றுதான் இருந்தது. துடைத்தாயிற்று என்றேன். "நான் பார்க்கவில்லையே" என்றார். அதில் கோபமே இல்லை, நிஜமாகவே ஒரு சந்தேகம். அப்போதுதான் விளங்கியது, சுத்தம் பாதிதான் காரியம். வாளி வைக்கும் சத்தம் கேட்க வேண்டும், குனிந்து நிமிரும் முதுகு நாலு பேர் கண்ணில் பட வேண்டும். அதிலிருந்து சனிக்கிழமை பத்து மணிக்கு வாளியை 'டங்' என்று வைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப்போட முடியாது. அன்று கடையும் கிடையாது, சத்தமும் கூடாது. காலி பாட்டில்களைக் கண்ணாடிக் குப்பைக்கான தொட்டியில் போடுவதற்குக்கூட அன்று தடை.

இது ஏதோ அந்த அம்மாவின் பிடிவாதம் என்று நினைத்திருந்தேன். இல்லை, 1492லேயே ஸ்டுட்கார்ட்டில் ஆணை போட்டிருக்கிறார்கள். எபர்ஹார்ட் என்ற தாடிக்காரப் பிரபு ஆண்ட காலம் அது. வீட்டு முன்னால் சேரும் சாணக்குப்பையை அவரவர் வாராவாரம் ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்ட வேண்டுமாம். வாரம்தோறும் கூட்டியே தீர வேண்டும் என்பதை 1988இல் நகராட்சியே தளர்த்தி, தேவைப்பட்டால் போதும் என்று ஆக்கிவிட்டது. பலகைக்கு அந்தச் செய்தி வந்து சேரவில்லை போலிருக்கிறது. வாடகை ஒப்பந்தத்தில் அது இன்னும் உட்கார்ந்திருக்கிறது.

அக்டோபரில் என் பெரிய முறை வந்தது. மழையில் ஊறிய மேப்பிள் இலைகள் நடைபாதைக் கல்லோடு அப்பிக்கொண்டு கிடந்தன. வீட்டில் எல்லாருக்கும் பொதுவான நைலான் பிரஷ் அவற்றின் மேல் வழுக்கிக்கொண்டு போனது. கல்லுக்குக் கல் இடையில் இருக்கும் சந்தில் அது இறங்கவே இல்லை. முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வாங்கப் போகும் ஈழத்தமிழர் கடையில் மூலையில் ஈர்க்கு வாரியல் சாத்தியிருந்தது ஞாபகம் வந்தது. எண்பதுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர் அந்த அண்ணா. "பிள்ளை, உதைக் கொண்டுபோங்கோ. இஞ்சத்தையான் பிரஷ் ஒண்டுக்கும் உதவாது" என்று கட்டை இறுக்கிக் கொடுத்தார். டிராமில் அதை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றபோது எதிர் சீட்டுக் குழந்தை கண்ணெடுக்காமல் பார்த்தது.

அடிப்பக்கத்தை உள்ளங்கையில் ரெண்டு தட்டு தட்டி, குனிந்து, மணிக்கட்டால் சுண்டிச் சுண்டி இழுத்தேன். இலை ஒவ்வொன்றாகக் கல்லை விட்டு எழும்பியது. சந்தில் இருந்த மண்ணும் கூடவே வந்தது. சரக் சரக்கென்ற சத்தத்துக்குக் கீழ்வீட்டு அம்மா ஜன்னலைத் திறந்தார். பிறகு அவரே இறங்கி வந்தார். கைப்பிடி எங்கே என்று கேட்டார். இல்லை, குனிந்துதான் கூட்ட வேண்டும் என்றேன். வாங்கி இரண்டு இழுப்பு இழுத்துப் பார்த்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு நீளக் கம்பு வைத்துக் கிடைக்குமா?" என்றார். அடுத்த முறை கடை அண்ணாவிடம் சொல்லி மரக்கம்பில் கட்டி வாங்கி வந்தேன். பதிலுக்கு வீட்டில் செய்த முட்டை நூடுல்ஸ் மாதிரி ஒரு ஷ்பெட்ஸ்லவும், பருப்பும் ஒரு கிண்ணம். அவர்கள் பருப்பில் வினிகர் ஊற்றுகிறார்கள். நான் மேலே கடுகும் வற்றலும் தாளித்துக்கொட்டிச் சாப்பிட்டேன். அதை அவரிடம் சொல்லவில்லை.

கிறிஸ்துமஸ் வாரம் எதிர்வீட்டுப் பையன் முறை. அவன் டிரெஸ்டனில் இருக்கும் அப்பா அம்மா வீட்டுக்குப் போகிறான். என் முறை பொங்கல் வாரத்தில் வருகிறது. மாற்றிக்கொண்டோம். பனி பெய்தால் அந்த வாரம் நான்தான் விடியற்காலையில் மண்வெட்டியோடு நிற்பேன். பொங்கலன்று அவன் நிற்கட்டும்.