கோர்ட்டுக்கு அதிகம் போகாத வக்கீல்

கோயம்புத்தூர்ல வக்கீலா இருக்கேன், ஆனா கோர்ட்டுல என்னைப் பாக்கறது அபூர்வம். கேஸே நடத்தாம என்னடா வக்கீலுன்னு ஊர்ல இன்னமும் கேக்கறாங்க. பம்ப் கம்பெனி, ஃபவுண்டரி, திருப்பூர் பக்கம் நிட்டிங், டையிங் ஜாப் வொர்க் பண்றவங்க, இப்ப கொஞ்ச வருஷமா சாஃப்ட்வேர் ஸ்டார்ட்அப் பசங்க, இவங்களுக்கு பேப்பர் எழுதிக் குடுக்கறதுதான் பொழப்பு.

வக்கீல்களுக்கான பார் கவுன்சில் ரூல்படி நாங்க விளம்பரம் பண்ணக்கூடாது, அதனால ஆடிட்டர் கை காட்டினாத்தான் கிளையன்ட் வருவாங்க. ஆரம்பத்துல ஆடிட்டர் ஆபீஸ்கள்ல உக்காந்து கூட்டு வியாபாரம் பண்றவங்க எழுதிக்கற பழைய பார்ட்னர்ஷிப் டீடுகளா படிச்சேன், லா காலேஜை விட அங்க கத்துக்கிட்டதுதான் ஜாஸ்தி. எல்லாம் ஒரே டீடுதான், பேரு மட்டும் மாறும். லாபம் பாதிப்பாதி, வட்டி இவ்வளவு, சரி, ஆனா ஒருத்தர் விலகினா அவர் பங்குக்கு விலை யார் போடறது, மெஷின் யாருக்கு, கம்பெனி பேரு யாருக்கு, ஒரு வரி இருக்காது.

அதைக் கேக்கறதுதான் இந்த வேலைல ரொம்ப சங்கடம். மாப்பிள்ளை மச்சான் ரெண்டு பேரும் நல்ல நாள் பாத்து கையெழுத்து போட வந்திருப்பாங்க, நான் போய் பிரிஞ்சா என்னன்னு கேட்டா மூஞ்சி சுருங்கிரும். "ஏனுங் சார், ஆரம்பிக்கும்போதே இந்தப் பேச்சு எதுக்குங்க"ம்பாங்க. இப்பல்லாம் பிரியற பேச்சையே எடுக்கறதில்ல, உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா வீட்டுக்காரம்மாவுக்கு எவ்வளவு போய்ச் சேரணும்னு மாப்பிள்ளைகிட்ட கேப்பேன், அந்தம்மா மச்சானுக்குத் தங்கச்சியாச்சே, ரெண்டு பேரும் உடனே நிமிந்து உக்காந்து கணக்குப் பேச ஆரம்பிச்சிருவாங்க, அந்தக் கணக்கையே விலகறதுக்கும் சேத்து எழுதிருவேன்.

ஃபர்மை ரிஜிஸ்டர் பண்ணுங்கன்னு சொல்றது தனி போராட்டம். 1932 பார்ட்னர்ஷிப் சட்டம் 69-வது பிரிவு, ரிஜிஸ்டர் ஆகாத ஃபர்ம் ஒப்பந்தத்தை வச்சு வெளியாள் மேல பாக்கிக்கு கேஸ் போட முடியாது. பேங்க்ல கேக்கலீங்களேன்னு விட்டுருவாங்க, அப்புறம் பார்ட்டி பணத்தை லட்சக்கணக்குல நிறுத்தி வச்சப்ப ஓடி வருவாங்க.

பாக்கின்னாலே திருப்பூர்ல சட்டம் தெரியாம இல்ல. சின்ன கம்பெனிக்கு 45 நாளைக்குள்ள பணம் குடுக்கணும், லேட்டானா ரிசர்வ் பேங்க் ரேட்டுக்கு மூணு மடங்கு வட்டி, அதுவும் மாசாமாசம் கூட்டு வட்டின்னு 2006 எம்.எஸ்.எம்.ஈ. சட்டமே சொல்லுது. "போடலாங்க, அடுத்த ஆர்டர் யாருங்க தருவாங்க" அவ்வளவுதான், பேச்சு முடிஞ்சுது. அவங்க சொல்றதும் நியாயம்தான், ஆர்டர் தர்ற ரெண்டே பையரை நம்பி யூனிட் ஓட்டறவர் எப்படி நோட்டீஸ் விடுவாரு? அதனால சின்ன கம்பெனின்னு அரசாங்கத்துல பதியற உத்யம் ரிஜிஸ்ட்ரேஷனை ஆர்டருக்கு முன்னாடியே எடுத்து வைங்க, நம்பரை பில்லுல போடுங்கன்னு மட்டும் பிடிவாதமா சொல்வேன். 2024 ஏப்ரல்ல இருந்து, சின்ன யூனிட்டுக்கு லேட்டா பணம் குடுத்தா, குடுத்த வருஷத்துலதான் அந்தச் செலவை இன்கம் டாக்ஸ்ல கழிக்கலாம்னு ஆனதும் மார்ச் வந்தா பையரோட ஆடிட்டரே போன் போட்டு பாக்கி எவ்வளவுன்னு கேக்கறாரு, நம்ம நோட்டீஸுக்கு ஒருநாளும் அந்த வேகம் இருந்ததில்ல.

ஸ்டார்ட்அப் பசங்க கதை வேற. நெட்ல இறக்குன அக்ரிமென்ட்ல அமெரிக்காவோட டெலவேர் மாநிலச் சட்டம் பொருந்தும்னு அப்படியே இருக்கும், ஆபீஸ் இங்க கோயம்புத்தூர் பீளமேட்டுல. வேலைய விட்டுப் போறவன் ரெண்டு வருஷம் போட்டிக் கம்பெனில சேரக்கூடாதுன்னு ஒரு கண்டிஷன் வேற, நம்ம கான்ட்ராக்ட் சட்டம் 27-வது பிரிவுல அது செல்லாதுன்னா நம்பவே மாட்டாங்க. கடைசில ரெண்டு பக்கத்துக்கா இவ்வளவு ஃபீஸுன்னு கேப்பாங்க, நான் அடிச்சு எறிஞ்ச பதினஞ்சு பக்கத்தை அவங்க கணக்குலயே எடுக்கறதில்ல.