கோத்தகிரி இறக்கத்தில் கண்ணுக்கு முன் ஒரு திரை

போன பிப்ரவரியில் உத்தராகண்டில் இருக்கும் ஔலியில் ஏழு நாள் பனிச்சறுக்குப் பயிற்சிக்குப் போயிருந்தேன். கோத்தகிரிக்காரனுக்குக் குளிர் என்ன புதுசா என்ற தைரியம்தான். எத்தனை முறை விழுந்தேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை.

எங்கள் குழுவில் பெங்களூரிலிருந்து வந்த ஒருவர் விலை உயர்ந்த வாட்ச் கட்டியிருந்தார். ஒவ்வொரு இறக்கம் முடிந்ததும் வேகம் பார்க்க வேண்டும் அவருக்கு. அதற்குக் கையுறையைக் கழற்றி, ஜாக்கெட் கையை மேலே தள்ளி, உள்ளே போட்ட கம்பளியையும் தள்ள வேண்டும். அதற்குள் விரல் விறைத்துவிடும். மறுபடி எல்லாவற்றையும் போட்டுக்கொள்ள இன்னும் இரண்டு நிமிடம். மூன்றாம் நாள் வாட்சை அறையிலேயே வைத்துவிட்டு வந்தார். பயிற்சியாளரிடம் இருந்தது ஒரு விசிலும் ஒரு பனிக்கண்ணாடியும்தான். அவர் ஓயாமல் சொன்னது ஒன்றே ஒன்று: காலைப் பார்க்காதே, போக வேண்டிய இடத்தைப் பார்.

திரும்பி வந்த பிறகும் அந்த வாட்ச் காட்சி மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. கையில் பார்ப்பதுதான் சிக்கல் என்றால், கண்ணுக்கு முன்னாலேயே காட்டிவிட்டால்? இந்த யோசனை எனக்கு முன்பே பலருக்கு வந்திருக்கிறது. கனடாவின் வான்கூவரில் ரீகான் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் என்ற நிறுவனம் பனிக்கண்ணாடிக்குள் வைக்கும் குட்டித் திரையைச் செய்தது. அதை வைத்து ஓக்லி நிறுவனம் 2012இல் ஏர்வேவ் என்ற கண்ணாடியை 599 டாலருக்கு விற்றது. வேகம், உயரம், தாவும்போது காற்றில் இருந்த நேரம், போனுக்கு வந்த செய்தி எல்லாம் வலது கண்ணின் கீழ் ஓரத்தில் தெரியும். 2015இல் இன்டெல் அந்த ரீகானை வாங்கியது. 2017இல் மூடிவிட்டது. இவ்வளவு வசதி இருந்தும் ஏன் நிலைக்கவில்லை? பதிலை யோசித்துச் சொல்வதைவிடச் செய்து பார்த்துவிடலாம் என்று தோன்றியது. பனி இல்லை, ஆனால் இறக்கத்துக்கு நீலகிரியில் பஞ்சமா? சைக்கிளும் இருக்கிறது.

டிசம்பர், முதல் வாரம்

சாமான்கள்: இஎஸ்பி32 என்ற குட்டிக் கணினி போர்டு ஒன்று, இடமும் வேகமும் சொல்லும் நியோ-6எம் ஜிபிஎஸ், காற்றழுத்தம் அளக்கும் பிஎம்பி280 சென்சார், ஓர் அங்குலத்துக்கும் குறைவான, தானே ஒளிரும் ஓலெட் திரை, சின்ன லித்தியம் பேட்டரி. எல்லாம் சேர்த்து இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. ஹெல்மெட்டில் ஒட்டுவதற்கு அலுமினியப் பட்டை.

முதல் முட்டாள்தனம்: திரையைக் கண்ணுக்கு ஐந்து சென்டிமீட்டர் முன்னால் நேராக ஒட்டினேன். ஒன்றுமே தெரியவில்லை, வெறும் நீல மங்கல். அவ்வளவு கிட்டத்தில் கண்ணால் குவிக்க முடியாது என்பது பள்ளியில் படித்ததுதான். பரணில் கிடந்த, போனைச் செருகிப் பார்க்கும் அட்டை விஆர் கண்ணாடியைப் பிரித்து அதன் குவிலென்ஸை எடுத்து நடுவில் வைத்தேன். திரை லென்ஸின் குவிய தூரத்துக்கு வந்ததும் எழுத்து தூரத்தில் மிதப்பதுபோல் பளிச்சென்று தெரிந்தது. அந்த இரவு தூங்கப் பன்னிரண்டு மணி ஆயிற்று.

மறுநாள் வெயிலில் திரை காணாமல் போய்விட்டது. ஓலெட் வெளிச்சம் நம் டிசம்பர் வெயிலுக்கே போதவில்லை. பனி முழுக்க வெயிலைத் திருப்பி அடிக்கும் இடத்தில் என்ன பாடுபடும்! கறுப்புத் தாளில் கூண்டு செய்து மூடினேன். வலது பக்கம் பாதிப் பார்வை போயிற்று.

டிசம்பர், மூன்றாம் வாரம்

உயரக் கணக்கில்தான் அதிக நேரம் போனது, அதிக சந்தோஷமும் அங்கேதான். நம் உயரத்தில் ஏறக்குறைய பத்து மீட்டர் ஏறினால் காற்றழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் (அழுத்தத்தின் அலகு) குறையும். மாடிப்படி ஏறி இறங்கினாலே எண் மாறுகிறது. ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கருவியை மேசையில் வைத்துவிட்டு மறந்துவிட்டேன். காலை பத்து மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் இடையில் என் வீடு இருபது மீட்டர் உயரே போயிருந்தது!

சென்சார் கெட்டுப்போனதாகத்தான் நினைத்தேன். இல்லை. சூரியன் காற்றுமண்டலத்தைச் சூடாக்குவதால் காற்றழுத்தத்துக்கும் கடல்போல ஏற்ற இறக்கம் உண்டு. தினமும் காலை பத்து, இரவு பத்து வாக்கில் ஏறி, விடியற்காலை நான்கு, மாலை நான்கு வாக்கில் இறங்கும். வெப்பமண்டலத்தில் இது பெரிது, ஆல்ப்ஸ் பக்கம் சிறிது. அங்கே உட்கார்ந்து எழுதிய நிரலை இங்கே கொண்டுவந்தால் வீடு பறக்கத்தான் செய்யும். ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்பும் உயரத்தைத் திருத்திக்கொள்ளும்படி ஒரு பட்டன் வைத்தேன்.

இன்னொன்றும் கண்டுபிடித்தேன். வேகமெடுத்ததும் உயரம் ஐந்தாறு மீட்டர் தவறியது. காற்று நேராகச் சென்சார் துளையில் மோதுவதால் வரும் கோளாறு. பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு வெட்டி மூடியதும் அடங்கியது.

பொங்கல் விடுமுறை

உண்மையான சோதனை. கோடநாடு சாலையிலிருந்து பிரியும் தேயிலைத் தோட்டத்து மண்பாதை, இரண்டு கிலோமீட்டர் இறக்கம். பக்கத்து வீட்டுத் தம்பி, பன்னிரண்டாம் வகுப்பு, என்னைவிட நன்றாக ஓட்டுவான். அவனும் வந்தான்.

முதல் இறக்கத்தில் வேகம் 34 கி.மீ. காட்டியது. இரண்டாவதில் 38. மூன்றாவதில் 40ஐத் தொட வேண்டும் என்று எனக்குள் ஒரு வெறி. யாரும் போட்டி வைக்கவில்லை, திரையில் எண் இருந்தது, அவ்வளவுதான். இந்த ஜிபிஎஸ் நொடிக்கு ஒரு முறைதான் எண்ணை மாற்றும். 36 கி.மீ. வேகத்தில் நொடிக்குப் பத்து மீட்டர். அதாவது நான் பார்க்கும் எண் பத்து மீட்டர் பழையது, பார்க்கும் நேரத்தில் இன்னொரு பத்து மீட்டர் போய்விடும். சில்வர் ஓக் மரங்களுக்குக் கீழே வளைவில் திரையைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால், பாதையின் வலது ஓரத்தில் காட்டெருமை நின்றுகொண்டிருக்கிறது. கறுப்புக் கூண்டு மறைத்த அதே பக்கம். பிரேக் பிடித்துத் தேயிலைச் செடிக்குள் விழுந்தேன். அது தலையைத் தூக்கி என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு மேய்ச்சலைத் தொடர்ந்தது.

அடுத்த கூத்து இனிமேல்தான். என் கையிலிருந்த வாட்சில் விழுந்தால் தானாகச் செய்தி அனுப்பும் வசதி உண்டு. அது அம்மாவுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறது. நான் செடியிலிருந்து கையை விடுவித்துக்கொண்டிருந்ததில் அதிர்வைக் கவனிக்கவே இல்லை. முக்கால் மணி நேரத்தில் அம்மா ஆட்டோ பிடித்துத் தோட்டத்து வாசலில் நிற்கிறார்.

"விழுந்துட்டேன்னு உன் கடிகாரம் சொல்லுது, நீ இளிச்சிக்கிட்டு வர்றே?"

அம்மா வந்தார் என்பதால் அதை வெட்டி என்று சொல்ல மாட்டேன், உண்மையிலேயே விழுந்திருந்தேனே. ஆனால் விழாதபோதும் இது கூப்பிடும். 2022 குளிர்காலத்தில் கொலராடோவில் சம்மிட் கவுன்டி அவசர அழைப்பு மையத்துக்கு, சறுக்குபவர்களின் போனும் வாட்சும் விபத்து நடந்ததாக எண்ணிக்கொண்டு தாமாகவே அழைத்துத் தள்ளின. சறுக்கியவர்களுக்கோ அது தெரியவே இல்லை; போன் ஜாக்கெட்டுக்குள், கை கையுறைக்குள்.

அன்று மாலை தம்பியிடம் ஹெல்மெட்டைக் கொடுத்து, "எப்படிடா இருக்கு?" என்று கேட்டேன். இரண்டு முறை இறங்கிவிட்டுக் கழற்றிக் கொடுத்தான்.

"அண்ணா, ஓட்டும்போது இதை யாரு பார்ப்பா? எந்த வளைவுல நான் தேவையில்லாம பிரேக் புடிச்சேன்னு வீட்டுக்குப் போனதும் காட்டுமா?"

எனக்கு அது உறைக்க ஒரு வாரம் ஆனது.

ஜனவரி கடைசி

குளிர் சோதனைக்காக அதிகாலையில் தலைகுந்தாவுக்குப் போனேன். புல்வெளி முழுக்க உறைபனி, சர்க்கரை தூவினதுபோல. கருவியை அரை மணி நேரம் புல்லில் வைத்துவிட்டு இயக்கினால், வைஃபை தொடங்கும் ஒவ்வொரு முறையும் அணைந்து அணைந்து எழுந்தது. குளிரில் லித்தியம் பேட்டரியின் உள்தடை கூடும். திடீரென்று அதிக மின்சாரம் கேட்டால் மின்னழுத்தம் சரிந்து போர்டு தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். அக்குளில் பத்து நிமிடம் வைத்ததும் ஒழுங்காக ஓடியது.

பனிச்சரிவில் புதைந்தவரைத் தேடப் பயன்படும் 457 கிலோஹெர்ட்ஸ் ரேடியோ கருவியை உடம்போடு ஒட்டி, ஜாக்கெட்டுக்கு உள்ளே கட்டுகிறார்கள். சாதாரண பேட்டரியில் இருநூறு மணி நேரத்துக்குக் குறையாமல் அலைபரப்ப வேண்டும் என்பது அதற்கு விதி. ரெக்கோ என்று ஜாக்கெட்டிலேயே தைத்து வரும் பட்டைக்குப் பேட்டரியே கிடையாது. மீட்புக்குழு அனுப்பும் ரேடார் அலையைத் திருப்பி அனுப்பும், அவ்வளவுதான். ஆல்ப்ஸில் சறுக்குபவர்களை மலைமேல் ஏற்றும் லிஃப்டின் டிக்கெட் ஜாக்கெட் பையிலேயே இருக்கிறது, கதவு தானே திறக்கிறது. இவை எல்லாமே உடம்பில் மாட்டும் மின்னணுச் சமாச்சாரம்தான். யாரும் அப்படி நினைப்பதில்லை, ஏனென்றால் இவற்றைப் பார்க்க வேண்டியதே இல்லை. கார்வ் என்ற கருவி காலணியில் மாட்டிக்கொண்டு, திருப்பம் எப்படி இருந்தது என்று காதில் சொல்கிறது. அதுவும் கண்ணைக் கேட்பதில்லை. ரீகான் கேட்டது கண்ணை.

ஔலிக் குழுவின் வாட்ஸாப்பில் கேட்டுப் பார்த்தேன்: அடுத்த முறை போவதானால் என்ன கருவி வாங்குவீர்கள்? பதில் போட்டவர்களில் ஒருவர்கூடத் திரையைச் சொல்லவில்லை. பேட்டரியில் சூடாகும் கையுறை வேண்டுமாம். வாட்ச்காரரும் அதையேதான் சொன்னார்.

பிப்ரவரி

திரை, லென்ஸ், கறுப்புக் கூண்டு மூன்றையும் பிரித்தாயிற்று. மிச்சம் இப்போது முதுகுப்பையில் ஒரு சோப்பு டப்பாவுக்குள் இருக்கிறது. கூடுதலாக முடுக்கம் அளக்கும் சென்சார் ஒன்று. ஓட்டம் முழுவதும் எழுதி வைத்துக்கொள்ளும். வீட்டுக்கு வந்ததும் எந்த வளைவில் பிரேக் பிடித்தோம் என்று படம் போட்டுக் காட்டும். ஜிபிஎஸ் இன்னும் கொண்டைஊசி வளைவுகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது, அதைச் சரிசெய்ய வேண்டும். தம்பி ஆறாவது வளைவில் பிரேக்கை விட்டுவிட்டான். நான் விடவில்லை, விடுவதாகவும் இல்லை.

ஓலெட் திரையை வீணாக்க மனமில்லாமல் பழைய பிஎம்பி280உடன் சேர்த்துச் சமையலறை ஜன்னலில் வைத்தேன். அம்மா அதில் எண் இறங்கினால் மழை என்று முடிவு கட்டிவிட்டார். தினமும் மாலை நான்கு மணிக்கு இறங்கத்தான் செய்யும் என்று எவ்வளவோ விளக்கினேன். அவர் பாட்டுக்கு மூன்றரைக்கே மொட்டைமாடித் துணியை எடுத்துவிடுகிறார். நான்கு மணிக்குப் பெரும்பாலும் பனிமூட்டம் இறங்கிவிடுவதால் என்னால் வாதாட முடியவில்லை.